கம்பி மாட்டும்போது பேசக் கூடாது

"ஐயா, பிரேக்கைப் போடுங்க... இன்னும் ஒரு அடி பின்னால வந்தீங்கன்னா அவ்வளவுதான்."

கொட்டும் மழையில் நின்றுகொண்டு, அடுப்பு, படுக்கையோடு பஸ் மாதிரி நீண்ட அந்த வீட்டு வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அடித்தாள் டெல்லா. அரிசோனா பாலைவனத்தில் வருஷத்துக்கு நாலு நாள் மழை பெய்தால் அதிகம். அந்த நாலில் ஒரு நாள் பார்த்து, டீசல் பங்கில் வழியை அடைத்துக்கொண்டு ஒருவன் ரிவர்ஸ் எடுக்கிறான் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஓட்டுநர் ஜன்னல் திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. சாம்பல் கலந்த பச்சைக் கண்கள்... இமையில் சட்டென்று இரண்டு மழைத்துளி வந்து உட்கார்ந்தன. அவன் அதைத் துடைக்காமல் அவளையே பார்த்தான்.

"மூணு அடிதாங்க. முன்னால லாரி நிக்குது, நான் எப்படித் திரும்பறது?"

"பின்னால ஒரு கார் கட்டியிருக்கே, தெரியுதா?"

"தெரியும். என் கார்தான்."

"நாலு சக்கரமும் தரையில உருள்ற மாதிரி கட்டி இழுத்தா, முன்னால மட்டும்தான் போகலாம். பின்னால தள்ளினா காரோட முன் சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பிக்கும், கம்பி முறுக்கி உடைஞ்சிடும். உங்களுக்கு வித்தவங்க இதைச் சொல்லவே இல்லையா?"

"சொல்லியிருப்பாங்க... நான் அப்ப வண்டிக்குள்ள இருந்த அடுப்பைப் பாத்துட்டு இருந்தேன். ரொம்ப அழகான அடுப்பு."

அடுப்பாம்! டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இவனிடமெல்லாம் சிரித்தால் அப்புறம் மரியாதை இருக்காது.

"இறங்குங்க. காரைக் கழட்டித்தான் ஆகணும்."

அவன் இறங்கினான். உயரமான ஆள், குடை இல்லை, மழையைப் பற்றிய கவலையும் இல்லை. வீட்டு வண்டியின் பின்புறத்திலிருந்து காரின் மூக்குவரை V வடிவத்தில் இரண்டு இரும்புக் கைகள் நீண்டிருந்தன. காரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கையையும் ஓர் ஆணி பிடித்திருந்தது. கொஞ்சம் பின்னால் வந்ததிலேயே இடது ஆணி இறுகிக்கொண்டுவிட்டது. அவனைக் காரில் ஏற்றி, ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கச் சொல்லி, கையால் இரண்டு தட்டுத் தட்டி உருவினாள் டெல்லா.

"இந்த ஆணி கழண்டு வராம இருக்கத்தான் இந்த ஊசி," என்று கொண்டை ஊசி மாதிரி வளைந்த ஒரு சின்னக் கம்பியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்தனை பெரிய காரை இத்துனூண்டு ஊசியா பிடிச்சிருக்கு?"

"காரை ஆணி பிடிக்குது. ஆணியை ஊசி பிடிக்குது."

"ஊசியை?"

"நீங்கதான் பிடிக்கணும். தொலைக்காம."

அவன் சிரித்தான். நனைந்த முகத்தோடு ஒருவன் இப்படிச் சிரிக்கக் கூடாது... அது நியாயமே இல்லை என்று தோன்றியது டெல்லாவுக்கு. பேரைக்கூடக் கேட்காமல் தன் வண்டிக்கு ஓடிவிட்டாள். ராத்திரி படுத்த பிறகு, கேட்டிருக்கலாமோ என்று நினைத்தாள்.

கேட்டிருக்கத் தேவையே இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து சேர்ந்தான்.

பாலைவனத்தில் பனிக்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான வீட்டு வண்டிகள் முகாம் போடும். அதில் ஒரு மூலையில் டெல்லாவின் கூட்டம். தனியாக வண்டி ஓட்டுபவர்களின் சங்கம் அது, முப்பது பேர் இருப்பார்கள். தலைவி நோர்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, வாய்க்கு மட்டும் பதினெட்டு. அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு உறுப்பினர்கள் ஜோடி சேர்ந்துவிட்டால், கேக் வெட்டி, கை குலுக்கி, வெளியே அனுப்பிவிடுவார்கள். தனி ஆட்களுக்கான இடம் தனி ஆட்களுக்கே.

டெல்லா அங்கே ஆறு வருஷமாக இருக்கிறாள். அதற்கு முன்னால் மொன்டானாவில் பதினொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வயது முப்பத்தாறு. கட்டிக்கொள்வதாக இருந்தவன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் மனசு மாறிப் போனதும், வீட்டை விற்று வண்டி வாங்கினாள். இந்த முப்பது பேர்தான் அவளுக்குக் குடும்பம், ஊர் எல்லாம். முகாம் கிளம்பும் நாளில் ஒவ்வொருவர் காரையும் அவள்தான் சரி பார்ப்பாள். ஆணி, ஊசி, குறுக்கே போடும் இரும்புக் கேபிள், லைட் ஒயர், கார் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் இறக்கியாச்சா... கையில் ஓர் அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். நோர்மாவின் வண்டிக் கதவில் டெல்லாவின் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: கம்பி மாட்டுபவரிடம் யாரும் பேசக் கூடாது, குட் மார்னிங் கூடக் கூடாது. பேச்சில் கவனம் போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போன அந்த ஒன்று நெடுஞ்சாலையில் யார் தலையிலாவது விடியும்.

"புது ஆளு வந்திருக்கு. பேரு தியோ லாண்ட்ரி. கனடாவுல தச்சு வேலை," என்றாள் நோர்மா. "உன்னைத் தெரியுமாம். பங்குல ரொம்ப அன்பா பேசினியாமே?"

"திட்டினேன், நோர்மாக்கா."

"அதைத்தான் அவரு அப்படிச் சொல்றாரு போல."

டெல்லாவின் காது சூடானது. வெயில்தான், வேறென்ன.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. தூரத்திலிருந்து ஒரு கையசைப்பு... அவளும் போனால் போகிறது என்று ஒரு கையசைப்பு. மூன்றாம் நாள் காலை காப்பிக் கோப்பையோடு ஜன்னலைத் திறந்தாள். தியோ ஷெல்பியின் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஷெல்பி டெக்சாஸ்காரி. செம்பட்டைக் கூந்தல், யாரைப் பார்த்தாலும் 'கண்ணு'. அவள் வைக்கும் பீன்ஸ் குழம்புக்கும் சோள ரொட்டிக்கும் முகாமே வரிசையில் நிற்கும். டெல்லாவுக்கு அவளைப் பிடிக்கும். அதாவது, அன்றைய காலைவரை பிடித்திருந்தது.

"இடது?" என்று ஷெல்பி உள்ளேயிருந்து கேட்க, "எரியுது," என்றான் தியோ. "வலது?" "எரியுது." "பிரேக்கு?" "அருமையா எரியுது."

எல்லாம் எரிந்தது. டெல்லாவுக்கும் எரிந்தது.

தனியாக இருப்பவர்கள் லைட்டைச் சரிபார்க்கப் பெடலில் கல்லை வைத்துவிட்டு இறங்கி ஓடிப் பார்ப்பார்கள். டெல்லா ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறாள். ஷெல்பிக்கு மட்டும் ஆள் வேண்டுமா? அதுவும் வண்டி எங்கேயும் கிளம்பாத நாளில்?

மறுநாளும் அவன் அங்கேதான். அதற்கு மறுநாளும். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு ஏதோ சிரித்தார்கள். காருக்கு அடியில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? கடைசியில் அவன் கையில் ஒரு கிண்ணம் குழம்போடு திரும்பி நடந்தான். டெல்லா அன்று தன் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

'எனக்கென்ன... யார் யார் கூடச் சிரிச்சா எனக்கென்ன' என்று பத்து தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு நேராக நோர்மாவிடம் போனாள்.

"நோர்மாக்கா, நம்ம சட்டம் இன்னும் இருக்கா இல்லையா?"

"எந்தச் சட்டம்?"

"ஜோடி சட்டம். ஷெல்பியும் அந்தப் புது ஆளும்... நான் குத்தம் சொல்லல. சட்டம்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணுமில்ல?"

நோர்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டத்து மேல உனக்கு இவ்வளவு அக்கறை எப்பலேர்ந்துடி?"

"எப்பவுமே உண்டு."

"போன வருஷம் ஒரு ஜோடி மூணு மாசம் விஷயத்தை ஒளிச்சு வெச்சிருந்துச்சு. நீதானே அவங்களுக்குக் காவல் இருந்தே?"

டெல்லா தன் வண்டிக்குத் திரும்பிவிட்டாள். நோர்மாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாம் கலைகிறது. பாதிப் பேர் கிழக்கே டெக்சாஸ் கடற்கரைக்கு, ஷெல்பி முன்னால் போவாள். பாதிப் பேர் மேற்கே கலிபோர்னியாவுக்கு, டெல்லா முன்னால் போவாள்; நோர்மாவும் அந்தப் பக்கம்தான். நோர்மாவின் கதவில் இரண்டு பட்டியல் தொங்கின. யார் எந்தப் பக்கம் என்று அவரவர் பேரை எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம்வரை தியோவின் பேர் இரண்டிலும் இல்லை. டெல்லாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்... அன்று மட்டும் ஏழு தடவை அந்தக் கதவுப் பக்கம் போய்வந்தாள்.

மேற்குப் பட்டியலில் அவன் பேர் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கிழக்கே போய்விட்டால் அவன் போனவன் போனவன்தான், இனிமேல் எந்த மழையில் எந்தப் பங்கில் பார்ப்பது? வாயைத் திறந்து 'மேற்கே வாங்க' என்று கேட்க வேண்டியதுதானே? கேட்க மாட்டாள். ஒருவன் மனசு மாறிப் போனதைப் பார்த்தவள் இன்னொருவனிடம் கெஞ்சுவாளா?

ஞாயிறு காலை அட்டையோடு போனாள். கிழக்குப் பட்டியலில், ஷெல்பியின் பேருக்கு நேர்கீழே, ஊதா மையில் தியோ லாண்ட்ரி. ஷெல்பியின் கையெழுத்து. பேனாவும் ஷெல்பியுடையதுதான்.

டெல்லா நேராகத் தியோவின் வண்டிக்கு நடந்தாள்.

தியோ தன் காரின் முன்னால் மண்டியிட்டிருந்தான். வலது ஆணி போட்டு, ஊசி போட்டாயிற்று. இடது ஆணியும் உள்ளே போயிற்று. ஊசி அவன் விரலிடுக்கில் இருந்தது.

"டெக்சாஸா?" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். ஒரு விரலை உதட்டில் வைத்தான். "கம்பி மாட்டிக்கிட்டு இருக்கேங்க..."

"சட்டம் எனக்குத் தெரியும். நான் எழுதினதுதான்." அவன் விரலிடுக்கிலிருந்த ஊசியை வெடுக்கென்று பிடுங்கினாள். "டெக்சாஸான்னு கேட்டேன்."

"பேரு அங்க இருக்கு. ஆனா..."

"இருக்கட்டும். நல்ல ஊரு. கடல் இருக்கு. ஷெல்பி நல்லவ, குழம்பு நல்லா வைப்பா. லைட்டு பாக்க ஆளும் கிடைச்சாச்சு அவளுக்கு."

"என்னங்க சொல்றீங்க?"

"சந்தோஷமா போய்ட்டு வாங்கன்னு சொல்றேன்."

தியோ எழுந்து நின்றான். அந்தப் பச்சைக் கண்ணில் சிரிப்பு இல்லை. "நான் போகணும்னு நீங்க நினைக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவளுடைய கர்வம் முந்திக்கொண்டது.

"நான் ஏன் நினைக்கணும்? போங்க."

"சரிங்க," என்றான் அவன், மெதுவாக. "நீங்க சொன்னா சரி."

கிழக்குக் கூட்டத்தின் முதல் ஹார்ன் ஒலித்தது. அவன் குழம்பிய முகத்தோடு காரின் நியூட்ரலைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினான். டெல்லா திரும்பி நடந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, குனிந்து பார்க்காமலே ஒருவன் பேருக்கு நேரே எல்லா டிக்கும் போட்டாள்.

மேற்குக் கூட்டம் கிளம்பி ஊர் எல்லை தாண்டியதும், வழக்கம்போல் முதல் நிறுத்தம். எல்லோரும் இறங்கி ஒரு சுற்று சுற்றி, ஆணி, டயர் தொட்டுப் பார்ப்பார்கள். டெல்லா குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

உள்ளே வளைந்த ஒரு சின்னக் கம்பி.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நோர்மாவின் வண்டியைப் பார்த்து ஓடினாள். அவன் ஊசி இல்லாமல் போகிறான், கிழக்குக் கூட்டத்துக்கு முதல் நிறுத்தம் நாற்பது மைல் தள்ளித்தான். சாலை குலுக்கக் குலுக்க அந்த ஆணி துளித்துளியாக மேலே ஏறும். வெளியே விழுந்தால் கார் ஒற்றைக் கையில் தொங்கி அலையும். கேபிள் பிடிக்கும்தான்... ஆனால் அறுபது மைல் வேகத்தில், பக்கத்தில் லாரிகளும் குடும்பங்களும் போகிற சாலையில்... ஐயோ, அவளே கழட்டிய மாதிரி. அவளேதான் கழட்டினாள்.

கூப்பிடலாமென்றால் அவன் நம்பர் அவளிடம் இல்லை. கர்வத்தில் கேட்டதே இல்லை. புது ஆள் என்பதால் நோர்மாவிடமும் இல்லை. நோர்மாவின் போனில் ஷெல்பியைக் கூப்பிட்டார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது.

"வண்டியைத் திருப்பிட்டுப் போக நேரமில்ல நோர்மாக்கா. என் காரைக் கழட்டறேன்."

இரண்டு நிமிஷத்தில் கழட்டினாள். சின்னக் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே பறந்தாள். பதினொரு வருஷம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தடவைகூட வேகத்தைத் தாண்டாதவள், அன்று தாண்டினாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. 'அவன் யாரோட வேணாலும் இருக்கட்டும். ஷெல்பியோடயே இருக்கட்டும், தினமும் குழம்பு குடிக்கட்டும்... முழுசா இருந்தா போதும்.'

இருபத்தாறாவது மைலில், கிழக்குக் கூட்டத்தின் கடைசியில் அவன் வண்டி தெரிந்தது. பின்னால் கட்டிய கார் லேசாக இடமும் வலமும் அசைந்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள், ஹார்ன் அடித்தாள், பக்கத்தில் போய் ஓரம் கட்டச் சொல்லிக் கையை ஆட்டினாள். அவன் பார்த்தான். பிரேக்கை அழுத்தாமல், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் நிறுத்தினான்.

டெல்லா ஓடிப்போய் மண்டியிட்டாள். இடது ஆணி முக்கால்வாசி மேலே வந்திருந்தது. இன்னும் ஒரு விரல் நகம் அளவு.

உள்ளே தட்டினாள். ஊசியைப் போட முயன்றாள். மூன்றாவது தடவைதான் ஓட்டையில் நுழைந்தது. தியோ பக்கத்தில் வந்து குனிந்து, ஆணியையும் அவள் முகத்தையும் பார்த்தான்.

"நான்தான் பிடுங்கினேன்," என்றாள். "மாட்டும்போது வந்து பேசி, ஊசியையும் எடுத்துட்டுப் போய்ட்டேன். பாக்காமயே டிக்கும் போட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா... மன்னிச்சிடுங்க."

"நானும்தான் பாக்காம கிளம்பினேன். கார் ஆடற மாதிரி இருந்துது, அடுத்த எக்ஸிட்ல இறங்கணும்னு நெனச்சேன்... ஆனா ஒண்ணு கேக்கணும். காலையில ஏங்க அவ்வளவு கோவம்?"

லாரி ஒன்று காற்றை வீசிக்கொண்டு கடந்து போயிற்று. டெல்லா எழுந்திருக்கவில்லை.

"பொறாமை."

"யாரு மேல?"

"ஷெல்பி மேல. அவ முடி மேல, குழம்பு மேல, அவ காரு மேல. பத்து நாளா காலையில எந்திரிச்சதும் நீங்க அங்க நிக்கிறீங்களான்னு பாத்துட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். நின்னா அந்தக் காப்பி இறங்கறதில்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, தியோ. அதைச் சொல்லத் தெரியாம 'போங்க'ன்னு சொன்னேன். வெக்கமா இருக்கு."

அவன் தரையில், அவளுக்கு எதிரே, அந்த இரும்புக் கைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டான்.

"அங்க நான் எதுக்குப் போனேன்னு தெரியுமா? பங்குல அவ்வளவு திட்டு வாங்கினேனா... கிளம்பற அன்னிக்கு நீங்க அட்டையோட வந்து குனிஞ்சு பாப்பீங்க. ஒரு குறைகூடச் சொல்ல முடியாம நீங்க முழிக்கணும். ஷெல்பிகிட்ட இதே மாதிரி காருதான் இருக்கு. தினம் மூணு தடவை அதை மாட்டிக் கழட்டிப் பழகினேன். போதும்டா கண்ணுன்னு அவதான் குழம்பை ஊத்திக் குடுத்துத் துரத்துவா."

"அப்ப பட்டியல்ல உங்க பேரு?"

"அவ எழுதினது. 'இதைப் பாத்தா காலையில ஒருத்திக்குக் கோவம் வரும், வந்துட்டா நீ மேற்கே போகலாம்'னா. கோவம் வந்துது... ஆனா நீங்க போங்கன்னுட்டீங்க. நானும் ரோஷத்துல கிளம்பிட்டேன்."

டெல்லா அழுதபடியே சிரித்தாள். ஷெல்பியை அடுத்த தடவை பார்த்தால் கட்டிக்கொள்வதா, தலையில் குட்டுவதா என்று தெரியவில்லை. தியோ கையை நீட்டி, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

கோட்டுப் பையில் போன் அலறியது. நோர்மா.

"என்னடி ஆச்சு? ஆளு உயிரோட இருக்காரா? இங்க பதினாலு வண்டி உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது."

"இருக்காரு நோர்மாக்கா. வந்துடறேன். இன்னிக்கு ராத்திரி தங்கற இடம்வரைக்கும் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். அதுக்கப்புறம்..." ஆறு வருஷம்... இவர்களை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை என்றிருந்த ஆறு வருஷம். எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் சங்கத்துப் புத்தகத்துலேர்ந்து என் பேரை அடிச்சிடுங்க."

நோர்மா இதுவரை டெல்லா கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டாள்.

"உன் பேரை மட்டுமா... ரெண்டு பேரையுமா?"

அதை அவள் அவனிடம் கேட்கவே இல்லையே. போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"தியோ... ரெண்டு பேரையுமான்னு கேக்கறாங்க."

அவன் அவள் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துத் தன் வாயருகே கொண்டுபோனான்.

"ரெண்டு பேரையும், நோர்மாக்கா. ஒரே கோடா இழுத்து அடிங்க."